பிக்சல் உடைக்கு லேஸ் வரைவது எப்படி: வலை, பூ, ஓரம்

பிக்சல் பொம்மைகளுக்கு (திரையில் பிக்சல் பிக்சலாக வரையும் உருவங்கள்) உடை வரைகிறவர்கள் பட்டுக்கும் ஜீன்ஸுக்கும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. லேஸ் என்று வந்ததும் கை நின்றுவிடும். நூலை வரையப் போவதால் வரும் வினை அது. ஒரு பிக்சல் அகலத்துக்குள் நூலின் முறுக்கைக் காட்ட வழியில்லை. கண்ணுக்கு லேஸாகப் படுவது ஓட்டைதான். ஓட்டையின் வடிவம், ஓட்டைகள் அமைந்திருக்கும் ஒழுங்கு, அவற்றின் வழியே தெரியும் தோல் நிறம் ஆகிய மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் நூலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

செய்முறை கிம்ப் 2.10 என்ற இலவசப் பட மென்பொருளை வைத்து எழுதப்பட்டது. ஃபோட்டோஷாப்பும், பிக்சல் ஓவியத்துக்கான அசெப்ரைட்டும் வேறுபடுகிற இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறோம்.

உருவம் எவ்வளவு பெரியது?

லேஸை எவ்வளவு விரிவாக வரையலாம் என்பதை உருவத்தின் உயரம்தான் தீர்மானிக்கிறது. 32×32 அளவு விளையாட்டுப் பாத்திரத்தின் பாவாடை மொத்தமே பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும். அதில் வலை, பூ எதுவும் வேண்டாம். பாவாடையின் கடைசி வரிசையில் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வெள்ளை வைத்தால் போதும், லேஸ் ஓரம் தெரிந்துவிடும். 64 முதல் 100 பிக்சல் உயரம் வரை, சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வரும் 2×2 வலையும் மூன்று பிக்சல் உயர ஓரமும் தாங்கும். 120 பிக்சலுக்கு மேல் போனால்தான் உண்மையான வலை, பூ, வளைவு ஓரம் என்று பிரித்து வரைய இடம் கிடைக்கும். இனி வருவது அந்த அளவுக்கு. சின்ன உருவத்தில் இதையெல்லாம் திணித்தால் துணியில் அழுக்குப் படிந்த மாதிரிதான் இருக்கும்.

எந்த லேஸ் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிரான்சின் ஷான்டிலி லேஸ் என்றால் மெல்லிய வலை, அதன் மேல் தடித்த விளிம்புள்ள பூக்கள். கறுப்பில் புகழ்பெற்றது. கிப்யூர் வகையில் வலையே கிடையாது. பூக்களும் இலைகளும் சின்னச் சின்னக் குறுக்கு இழைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், இடைவெளிகள் பெரிதாக இருக்கும். ப்ரோட்ரி ஆங்கிலேஸ் என்பது வெள்ளைப் பருத்தித் துணியில் ஓட்டை போட்டு விளிம்பைத் தைப்பது. அங்கே துணிதான் அதிகம், ஓட்டை குறைவு. இவற்றைக் கலந்தடித்தால் எது வலை, எது துணி என்றே பிடிபடாது. ஓர லேஸுக்கு மாதிரி தேடுகிறவர்கள் நாகர்கோவில் லேஸின் படங்களைப் பார்க்கலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கைவேலை அது. அவருடைய மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். குறுகலான ஓரப் பட்டைகள் திரும்பத் திரும்ப வரும் முறையை இந்தப் படங்களில் தெளிவாகப் பார்க்கலாம். பிக்சலுக்கு வேண்டியதும் அதுதான்.

வரைவதற்கு முன் அணைக்க வேண்டியவை

கிம்ப்பில் பெயின்ட்பிரஷ்ஷைத் தொடாதீர்கள், பென்சில் கருவியை எடுங்கள் (என் விசை). அளவு 1. அழிப்பானில் ஹார்டு எட்ஜ் கட்டத்தை டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் அழித்த இடத்தின் ஓரத்தில் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் மிஞ்சும். 800% ஜூமிலும் அவை எளிதில் கண்ணில் படாது, பேட்டர்னாக நிரப்பிய பிறகுதான் சாம்பல் புகையாகத் தெரியவரும். தேர்வுக் கருவிகளிலும் பக்கெட் ஃபில்லிலும் விளிம்பை மழுப்பும் ஆன்டிஏலியாசிங், ஃபெதர் இரண்டையும் அணையுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிரஷ்ஷுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பென்சிலை எடுங்கள். மேஜிக் வாண்டிலும் பெயின்ட் பக்கெட்டிலும் ஆன்டி-ஏலியஸை அணையுங்கள். அளவு மாற்றும்போது கிம்ப்பில் இன்டர்பொலேஷன் (இடைநிறங்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) 'நன்', ஃபோட்டோஷாப்பில் 'நியரஸ்ட் நெய்பர்' என்று இருக்க வேண்டும்.

ஒரே படத்தை இரண்டு ஜன்னல்களில் திறந்துகொள்ளுங்கள். கிம்ப்பில் வியூ மெனுவில் நியூ வியூ, ஃபோட்டோஷாப்பில் விண்டோ மெனுவின் அரேஞ்ச் பகுதி, அசெப்ரைட்டில் எஃப்7 முன்னோட்டம். ஒன்றை 800%-இல் வைத்து வரையுங்கள், இன்னொன்றை 100%-இல் வைத்துப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கையில் அழகாக இருப்பதில் பாதி 100%-இல் காணாமல் போகும். முடிவெடுக்க வேண்டியது சின்ன ஜன்னலைப் பார்த்துத்தான்.

படம் ஆர்ஜிபி முறையில் இருக்கட்டும். குறிப்பிட்ட நிறங்களை மட்டும் ஏற்கும் இன்டெக்ஸ்டு முறையில் தொடங்கினால் நிறத்தட்டில் இல்லாத நிறம் ஒவ்வொன்றும் பக்கத்து நிறத்துக்குத் தாவிவிடும்.

வலை டைல்

டைல் என்பது திரும்பத் திரும்ப அடுக்கித் துணியை நிரப்பும் சின்னக் கட்டம். ஒளிபுகும் பின்னணியுடன் 4 பிக்சல் அகலம், 4 பிக்சல் உயரத்தில் புதுப் படம் ஒன்றைத் திறங்கள். எளிமையான சாய்சதுர வலை இது. கறுப்புக் கட்டம் நூல், வெள்ளைக் கட்டம் ஓட்டை.

■□□□
□■□■
□□■□
□■□■

16 கட்டங்களில் 6 நூல், 10 ஓட்டை. அந்தப் பத்தும் கூட்டல் குறி வடிவத்தில் ஐந்தைந்தாகப் பிரியும். வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சாய்சதுரத்தை மூடி முடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த டைலின் முதல் நெடுவரிசைதான் அதை மூடுகிறது. இது புரியாமல் ஐந்தாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்து 'முழுமையாக்கினால்' ஒவ்வொரு ஐந்து பிக்சலுக்கும் ஒரே நெடுவரிசை இருமுறை வரும். துணி முழுக்கக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி கோடுகள் தெரியும். புதிதாக வரைகிறவர்களின் லேஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு நெடுவரிசையால்தான்.

இன்னும் நேர்த்தியாக வேண்டுமென்றால் அறுகோண வலை. டைல் அளவு 4×6.

■□□□
■□□□
□■□■
□□■□
□□■□
□■□■

24 கட்டங்களில் 8 நூல், 16 ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்கும் எட்டு பிக்சல். மேல் பாதியின் சுவரும் கீழ் பாதியின் சுவரும் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்றுக்கு இடையில் மற்றொன்று நிற்கின்றன. கோலம் போடுகிறவர்களுக்கு இது நேர்ப்புள்ளிக்கும் இடுக்குப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்தான். இடுக்கு அமைப்பில் ஓட்டைகள் செங்குத்துத் தூண்களாக அடுக்கி நிற்காது. அதனால் வலை துணியாகவே தெரியும், ஜன்னல் கம்பியாகத் தெரியாது.

டைல் ஒழுங்காக ஒட்டுகிறதா என்று சோதிக்க, லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட் (கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ). அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி கொடுத்து, ராப் அரவுண்டைத் தேர்ந்தெடுங்கள். ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே அறுந்த இழையோ இரட்டை இழையோ இருந்தால் உடனே தெரியும். ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு ஃபில்டர் மெனுவில் அதர், ஆஃப்செட். அசெப்ரைட்டில் இந்தச் சிரமமே இல்லை. வியூ மெனுவில் டைல்டு மோடைப் போட்டுவிட்டால் வரைய வரையச் சுற்றிலும் டைல் விரிந்துகொண்டே போகும். டைல் வரைவதற்கு மட்டும் என்றால் அசெப்ரைட்தான் வசதி.

சோதனை முடிந்ததும் முழுவதையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, எடிட் மெனுவில் பேஸ்ட் ஆஸ், நியூ பேட்டர்ன். ஃபோட்டோஷாப்பில் செவ்வகத் தேர்வு போட்டு எடிட், டிஃபைன் பேட்டர்ன். அந்த வரி மங்கலாக இருந்தால் தேர்வில் ஃபெதர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபெதரைப் பூஜ்யமாக்கித் தேர்வை மறுபடி போடுங்கள்.

துணியில் நிரப்புவது

லேஸ் வரப்போகும் பகுதியின் உருவத்தைத் தனி லேயரில் ஒரே நிறத்தில் முழுதாக வரைந்துகொள்ளுங்கள். கை, கழுத்துப் பட்டி, பாவாடை என்று ஒவ்வொரு துண்டுக்கும் தனி லேயர். ஒரே லேயரில் எல்லாவற்றையும் நிரப்பினால் கையும் மார்பும் ஒரே வலையில் ஒட்டிக்கொண்டு, கை உடம்பைவிட்டு விலகியே தெரியாது.

ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மேல் ஒரு பேட்டர்ன் லேயர். அது துண்டைவிட எல்லாப் பக்கமும் ஒரு டைலாவது பெரிதாக இருக்கட்டும். பக்கெட் ஃபில்லில் பேட்டர்ன் ஃபில், ஃபில் ஹோல் செலக்ஷன் இரண்டையும் தேர்ந்து நிரப்புங்கள். பிறகு துண்டின் லேயரில் ஆல்ஃபா டு செலக்ஷன் (வரைந்த பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பது) கொடுத்து, பேட்டர்ன் லேயருக்குத் திரும்பி, செலக்ஷனைக் கொண்டு லேயர் மாஸ்க் (துண்டுக்கு வெளியே உள்ளதை மறைக்கும் திரை) சேர்க்க வேண்டும். ஆனால் மாஸ்க் போடுவதற்கு முன் பேட்டர்ன் லேயரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, உடலின் நடுக்கோட்டில் ஓட்டையின் நடு வருகிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் சமமாக விழும். லேயரைப் பெரிதாக வைக்கச் சொன்னது இந்த நகர்த்தலுக்காகத்தான். ஃபோட்டோஷாப்பில் பேட்டர்ன் ஓவர்லே பயன்படுத்துகிறவர்கள் அந்த உரையாடல் பெட்டி திறந்திருக்கும்போதே படத்தின் மேல் இழுத்து நகர்த்தலாம். ஸ்கேல் மட்டும் 100%-ஐ விட்டு நகரக் கூடாது. 90% வைத்த கணமே எல்லா இழையும் மங்கிவிடும்.

மாஸ்க் போட்ட பிறகு துண்டின் விளிம்பைச் சுற்றி ஒற்றைப் பிக்சல் கோடு ஒன்று வேண்டும். வலை வெறுமனே வெட்டுப்பட்டு நின்றால் துணி எங்கே முடிகிறது என்று தெரியாது. விளிம்பில் ஒட்டாமல் அநாதையாக நிற்கும் ஒற்றைப் பிக்சல்களையும் கையோடு அழித்துவிடுங்கள்.

பூ

பூவுக்கு ஒரே விதி: வலையின் இழை ஒரு பிக்சல் என்றால் பூவின் இதழ் குறைந்தது இரண்டு பிக்சல் தடிமன். இரண்டும் ஒரே தடிமனில் இருந்தால் பூ வலைக்குள் கரைந்துபோகும். 7×7-இல் நான்கு இதழ்ப் பூ ஒன்று:

□■■□■■□
■■■□■■■
■■□■□■■
□□■■■□□
■■□■□■■
■■■□■■■
□■■□■■□

இதழ்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வெற்றிடங்களை நிரப்பிவிடாதீர்கள். அவை இருப்பதால்தான் நான்கு இதழாகத் தெரிகிறது, இல்லையென்றால் உருண்டைப் பொட்டு.

பூவும் வலையும் சேர்ந்து திரும்பத் திரும்ப வர, பூ டைலின் அகலம் வலை டைலின் அகலத்தால் மீதியின்றி வகுபட வேண்டும், உயரமும் அப்படியே. 4×6 அறுகோண வலைக்கு 24×24 சரியாக வரும். குறுக்கே ஆறு, நெடுக்கே நான்கு வலை டைல்கள். முதல் பூவின் மேல் இடது மூலையை மூன்றாவது நெடுவரிசை, மூன்றாவது வரிசையில் வையுங்கள். இரண்டாவதை அங்கிருந்து 12 பிக்சல் வலம், 12 பிக்சல் கீழே. 12 என்பது 4-ஆலும் 6-ஆலும் வகுபடும் என்பதால் வலை இரண்டு பூக்களையும் ஒரே மாதிரி தொடும். 10 அல்லது 11 வைத்துப் பாருங்கள், ஒரு பூவின் இதழ் ஓரத்தில் மட்டும் இழைகள் குவிந்து கறுத்துப்போகும்.

பூவை வலைமீது அப்படியே வைத்தால் அதன் வடிவம் மழுங்கும். பூவைச் சுற்றி ஒரு பிக்சல் அளவுக்கு வலையை அழியுங்கள். பிறகு நான்கைந்து இடங்களில் மட்டும் இழையை மீண்டும் இதழோடு இணையுங்கள். இணைப்பே இல்லாவிட்டால் பூ துணியில் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி மிதக்கும். காம்பு வேண்டுமென்றால் சாய்வாக ஓடும் ஒற்றைப் பிக்சல் கோடு, இலைக்கு 2×3 அளவில் மூலை வெட்டிய ஒரு பட்டை. அதற்கு மேல் நுணுக்கம் இந்த அளவில் வீண்.

அசெப்ரைட்டில் பூவை கண்ட்ரோல்+பி மூலம் பிரஷ் ஆக்கி, வேண்டிய இடத்தில் முத்திரை குத்துவது போல் வைத்துப் போகலாம். திருமண கவுன் மாதிரி மேலே பூ குறைந்து கீழே அடர்ந்து வரும் உடைக்கு டைலைவிட இதுவே நல்லது.

ஓரம்

லேஸ் என்று பார்ப்பவருக்கு முதலில் புரியவைப்பது இந்த வளைவு ஓரம்தான். நேரம் குறைவென்றால் வலையை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் நன்றாகச் செய்யுங்கள், உடை பிழைத்துக்கொள்ளும். 8 அகலம், 7 உயரம்:

■■■■■■■■
■□■□■□■□
■■■■■■■■
□■■□■□■■
□■□■□■□■
□□■■■■■□
□□□□■□□□

மேலே மூன்று வரிசை துணியோடு தைக்கும் பட்டை. அதன் நடுவில் ரிப்பன் கோக்கும் சின்ன ஓட்டைகள். கீழே நான்கு வரிசை வளைவு, நுனியில் ஒரு பிக்சல் முடிச்சு. முதல் நெடுவரிசையின் கீழ்ப்பகுதி காலியாக இருப்பதுதான் இரண்டு வளைவுகளுக்கு நடுவே விழும் வெட்டு. இதை வரிசையாக வைத்து முடித்ததும், வலது கோடியில் முதல் நெடுவரிசையை இன்னொரு முறை சேர்த்தால்தான் இரு பக்கமும் சமமாக முடியும்.

நேரான மேஜை விரிப்புக்கு இவ்வளவே போதும். பாவாடை உருண்டையானது. எல்லா வளைவும் ஒரே அகலத்தில் இருந்தால் பாவாடை அட்டையில் வெட்டியது போலத் தட்டையாகிவிடும். பக்கவாட்டுக்குப் போகப் போக வளைவு குறுக வேண்டும். 61 பிக்சல் விளிம்புக்கு இடமிருந்து வலமாக இந்த அகலங்களை வைத்துப் பாருங்கள்: 5, 6, 7, 8, 8, 8, 7, 6, 5. கூட்டினால் 60, கடைசியில் மூடும் நெடுவரிசையோடு 61. வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதால் உடலின் நடுக்கோட்டில் ஒரு முழு வளைவு விழுகிறது. இரட்டைப்படை என்றால் நடுவில் வெட்டு விழும். மார்புப் பகுதி ஓரத்தில் அது பிளவு மாதிரி தெரிந்து உறுத்தும்.

குறுக்குவதற்கு ஸ்கேல் கருவியை நாடாதீர்கள், எந்த நெடுவரிசையைத் தூக்குவது என்பதை அது தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். கையால் நீக்குங்கள். 7 வேண்டுமென்றால் நான்காவது நெடுவரிசையை எடுங்கள். 6-க்கு நான்காவதும் ஆறாவதும். 5-க்கு நான்கு, ஐந்து, ஆறு மூன்றும். ஐந்தாவது போகும்போது நுனி முடிச்சும் போய்விடும். பரவாயில்லை, பக்கவாட்டில் அது தெரியத் தேவையில்லை. ஆறு அகல வளைவில் ரிப்பன் ஓட்டை வரிசையும் அதற்கு அடுத்த வரிசையும் இப்படி வரும்:

■□■■■□
■■■■■■

மேல் பட்டை நிரம்பிப் போகாமல், ரிப்பன் ஓட்டை வரிசையை மட்டும் மறுபடி ஒன்று விட்டு ஒன்றாகத் திருத்திக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதி திருத்தமின்றியே சரியாக நிற்கும்:

□■■■■■
□■□□□■
□□■■■□
□□□■□□

அடுத்தது விளிம்பின் தொய்வு. முன்னால் இருந்து பார்க்கும்போது பாவாடை விளிம்பு நடுவில் தாழ்ந்தும் பக்கங்களில் உயர்ந்தும் இருக்கும். மேலே சொன்ன ஒன்பது வளைவுகளையும் முறையே 0, 2, 3, 4, 4, 4, 3, 2, 0 பிக்சல் கீழே இறக்குங்கள். ஓரத்தில் இறக்கம் செங்குத்து, நடுவில் சமதளம். ரொட்டேட் கருவியால் சாய்த்தால் ஒற்றைப் பிக்சல் இழைகள் எல்லாம் பிய்ந்துபோகும். அதனால் நெடுவரிசைகளைத் தேர்ந்து கீழே நகர்த்துவது மட்டும்தான் வழி. ஒரு பிக்சல் இறக்கம் இருக்கும் இடத்தில் பட்டையின் கோடு மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு அறுபடாமல் போகும். இரண்டு பிக்சல் இறக்கத்தில் கோடு அறுந்துவிடும். ஆகவே 0-விலிருந்து 2-க்கு இறங்கும் இடத்தில் வளைவின் நடுவில் ஒன்று, வெட்டில் ஒன்று என்று பிரித்து இறக்குங்கள்.

மடிப்புகளிலும் இதே வேலைதான், இன்னும் கொஞ்சம் துணிச்சலாக. துணி உள்ளே போகும் இடத்தில் வளைவின் இரண்டு மூன்று நெடுவரிசைகளை வெட்டியே எறியுங்கள். பாதி வளைவு மறைந்து, முன்னால் வரும் மடிப்பின் முழு வளைவு அதை மூடியபடி தொடங்கட்டும். வலைப் பகுதியில் மடிப்புக் கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்து, வலையை இரண்டு பிக்சல், அதாவது டைல் அகலத்தில் பாதி, பக்கவாட்டில் நகர்த்துங்கள். இழைகள் அந்தக் கோட்டில் ஒட்டாமல் விலகும். நிழலே போடாமல் மடிப்பு தெரிந்துவிடும். பேட்டர்ன் ஒரே சீராகத் துணி முழுக்க ஓடி, அதன் மேல் நிழல் மட்டும் பூசிய உடைகள் சுவரில் ஒட்டிய காகிதம் போல இருப்பதற்குக் காரணம் இந்த நகர்த்தல் இல்லாததுதான்.

நிறம்

வெள்ளை லேஸுக்கு மூன்று நிறம் போதும். எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: வெளிச்சம் 255, 252, 250. நடுநிறம் 232, 224, 236. நிழல் 186, 172, 200. நிழலில் கொஞ்சம் ஊதா கலந்திருப்பதைப் பாருங்கள். சுத்தச் சாம்பலை வைத்தால் தோல் நிறத்தின் பக்கத்தில் துவைக்காத துணி மாதிரி தெரியும். பூவுக்கும் வளைவு ஓரத்துக்கும் வெளிச்ச நிறம், வலைக்கு நடுநிறம். வலையையும் வெளிச்ச நிறத்தில் வைத்தால் பூவுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஓட்டை வழியே தெரியும் தோலும் வெறும் தோலும் ஒரே நிறம் அல்ல, லேஸின் நிழல் அதன்மேல் விழுகிறது. தோல் 224, 172, 138 என்றால் நிழல் விழுந்த தோலுக்கு 196, 142, 116. இதைப் போட எளிய வழி: லேஸ் லேயரைப் பிரதி எடுத்து, லாக் ஆல்ஃபா (ஒளிபுகும் இடங்களில் நிறம் ஏறாமல் தடுப்பது) போட்டு நிழல் தோல் நிறத்தால் நிரப்பி, ஒரு பிக்சல் கீழே இறக்கி, லேஸுக்கு அடியில் வையுங்கள். லேஸ் உடம்பைவிட்டு ஒரு மயிரிழை எழும்பி நிற்கும். 2×2 சதுரங்க வலையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதை ஒரு பிக்சல் நகர்த்தினால் நிழல் சரியாக எல்லா ஓட்டைகளையும் அடைத்துவிடும், தோலே தெரியாது. கீழே உள்பாவாடை இருந்தால் தோலுக்குப் பதில் அதன் நிறத்தில் ஒரு படி கறுத்தது.

கறுப்பு லேஸுக்கு 0, 0, 0 வேண்டாம். பூ, ஓரம் இரண்டுக்கும் 34, 28, 38. வலைக்கு அந்தக் கறுப்பையே நேராக வைத்தால் கம்பி வலை. மெல்லிய நூலாகத் தெரிய, கறுப்பை 40%, தோலை 60% கலந்து வரும் நிறத்தை வையுங்கள். மேலே சொன்ன தோலுக்கு அது 148, 114, 98. லேயரின் ஒபாசிட்டியை 40% ஆக்கினாலும் இதே தோற்றம் வரும், அடியில் நிறம் மாறும்போது தானாகவும் மாறும். ஆனால் கடைசியில் ஜிஃப் ஆகச் சேமிப்பதாக இருந்தால் கலந்த நிறத்தையே திடமாக வைத்துவிடுங்கள். ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுதாக ஒளிபுகும் அல்லது முழுதாக மறைக்கும், நடுநிலை கிடையாது. மேல் வெளிச்சம் விழும் இரண்டு மூன்று பூக்களின் இதழ் விளிம்பில் மட்டும் 84, 74, 96 வைத்தால் கறுப்புக்கும் உருட்சி வந்துவிடும்.

நிழல் போடும்போது லேஸ் லேயரில் லாக் ஆல்ஃபா போட்டு, பென்சிலால் நிழல் நிறத்தைத் தடவுங்கள். ஓட்டைகள் ஓட்டைகளாகவே இருக்கும், இழைகள் மட்டும் நிறம் மாறும். சாஃப்ட் பிரஷ்ஷும் மல்டிப்ளை லேயரும் வேகமான வழிதான். ஆனால் மூன்று நிறம் முப்பது நிறமாகிவிடும், பக்கத்தில் பிக்சல் பிக்சலாக வரைந்த முகத்தோடு ஒட்டாது.

சேமிப்பது

லேயர்களோடு கிம்ப் கோப்பாக ஒன்று, வெளியிட பிஎன்ஜி ஒன்று. ஜேபெக் பக்கமே போகாதீர்கள். அதன் சுருக்கமுறை ஒற்றைப் பிக்சல் வலையைச் சுற்றி அழுக்குப் புள்ளிகளைத் தெளித்துவிடும். ஜிஃப்புக்காக இன்டெக்ஸ்டு முறைக்கு மாற்றும்போது டிதரிங்கை 'நன்' என்று வையுங்கள். டிதரிங் தன் பங்குக்கு ஒரு புள்ளி வலையைப் போடும், அது உங்கள் வலையோடு மோதும்.

100%-இல் நன்றாக இருந்த வலை பார்ப்பவரின் திரையில் பட்டை பட்டையாகத் தெரிவதாகப் புகார் வந்தால் வரைந்ததில் தேடாதீர்கள், திரையின் அளவீட்டைக் கேளுங்கள். விண்டோஸ் மடிக்கணினிகளில் 125%, 150% அளவீடு சகஜம். 150%-இல் ஒரு பிக்சலை ஒன்றரை பிக்சலாகக் காட்ட வழியில்லாததால் சில இழைகள் ஒன்றாகவும் சில இரண்டாகவும் விழும், அல்லது எல்லாமே மங்கும். படத்தை இன்டர்பொலேஷன் இல்லாமல் மூன்று மடங்காக்கி வெளியிட்டால் இந்தக் குறை பெருமளவு மறையும். எந்த மடங்கானாலும் முழு எண்ணாக இருக்கட்டும். டைல்களை மட்டும் பெரிதாக்காமல் அசல் அளவில், ஒளிபுகும் பின்னணியில், ஒரே நிறத்தில் தனிக் கோப்பாக வைத்திருங்கள். அடுத்த உடைக்கு நிறம் மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.